எரியாத உப்பு

மான்செஸ்டர்
17 அக்டோபர் 1976

அன்புள்ள அம்மா, அண்ணன், அண்ணி மூவருக்கும்,

லீமா எழுதுவது. வந்த நாளிலிருந்து மூக்கு ஒழுகுகிறது. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் மூவரையும் மாதாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் தினமும் படுக்கிறேன்.

அண்ணி, இதை நீங்கள்தான் சத்தமாகப் படிக்கப்போகிறீர்கள். அம்மா உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணன் கதவில் சாய்ந்து, காதில் விழாதவன்போல நிற்பான். பக்கத்து வீட்டுச் சடையப்பன் மாமாவும் பெண்டாட்டியோடு வந்து உட்கார்ந்திருப்பார். அதனால் எல்லாருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

நான் டாக்டருக்குப் படிப்பதாக அம்மா ஊரெல்லாம் சொல்லியிருப்பாள். சொல்லட்டும். நான் படிப்பது நோய் உண்டாக்கும் கிருமிகளைப் பற்றி. ஒரு வருஷத்து எம்.எஸ்ஸி. முதலில் பாடம், பரீட்சை. கடைசி மூன்று மாதம் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி லேபில் சளியும் ரத்தமும் பார்த்துக்கொண்டிருந்தவளை, சிஸ்டர்கள் எங்கெங்கோ எழுதி உதவிச் சம்பளம் வாங்கி இங்கே அனுப்பிவிட்டார்கள். வகுப்பில் வெளிநாட்டுக்காரர்கள் நாலு பேர். நைஜீரியாவிலிருந்து வந்த ஓலுவும் நானும் பக்கத்துப் பக்கத்து அறை. எங்கள் இருவரின் இங்கிலீஷும் இங்கே யாருக்கும் புரிவதில்லை. எங்களுக்குள் நன்றாகப் புரிகிறது.

ஓரிடத்தில் உட்காரத்தான் முடியவில்லை. அறையில் இருந்தால் லேபுக்குப் போகவேண்டும்போல் இருக்கிறது. லேபில் இருந்தால் அறைக்கு. மழையில் சும்மா நடந்துவிட்டு வருகிறேன்.

அண்ணா, அப்பா செத்த வருஷம் நீ மூணாங்கிளாஸோடு உப்புப் பாத்தியில் இறங்கினதால்தான் நான் போர்டிங்கில் சேர்ந்தேன். இதை நேரில் சொல்ல வெட்கம். அண்ணி வாயால் கேட்டுக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீமா

---

சேசு மரி சூசை

மரக்காணம்
28 நவம்பர் 1976

அன்புள்ள லீமாவுக்கு அண்ணி அந்தோணிமேரி எழுதிக்கொண்டது.

ஆண்டவர் தயவில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் சளி நின்றதா என்று அத்தை முதலில் கேட்கச் சொன்னார்கள். மிளகு கிடைக்குமா என்று இரண்டாவது கேட்கச் சொன்னார்கள்.

நீ சொன்னபடியேதான் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். உன் அண்ணனைப் பற்றிய கடைசி வரியைப் படித்தபோது அவர் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாட்டுக்கு அப்போதுதான் காட்டியிருந்தது.

மழை விடவில்லை. உப்பளம் முழுக்க ஒரே வெள்ளம். கால்வாய்க்கும் பாத்திக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இந்த மூன்று மாதமும் உப்புக்காரருக்கு வேலை இல்லாததால், உன் அண்ணன் கூண்டில் அடைத்தவர்போல வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நேற்று கூரையைப் பிரித்து மறுபடி கட்டினார். அது ஒழுகவே இல்லை. "ஏங்க, சும்மா உட்காருங்களேன்" என்றேன். "உட்கார்ந்தா கால் மரத்துப்போவுது" என்றார்.

கல்யாணமாகி ஆறு மாதத்தில் அவரை இப்போதுதான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். நல்ல மனுஷர் லீமா. பேசத்தான் தெரியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ இல்லாததை நினைத்து அத்தை இப்போதே அழ ஆரம்பித்துவிட்டார்கள். குளிரில் காதை மூடிக்கொள்.

அண்ணி

---

மான்செஸ்டர்
16 ஜனவரி 1977

அன்புள்ள எல்லாருக்கும்,

புது வருஷம் அங்கே நல்லபடியாகப் பிறந்திருக்கும். அம்மாவின் முட்டி வலி எப்படி? சளி போய்விட்டது, மிளகும் கிடைக்கிறது.

பனி விழுந்தது. முதல் நாள் பார்த்தபோது உப்பைக் குவித்துவைத்த மாதிரியே இருந்தது. கையில் அள்ளியதும் தண்ணீராகிவிட்டது. ஓலு ஒரு ஜாடியில் அடைத்து வைத்துப் பார்த்தாள்.

முதல் டெர்ம் பரீட்சையில் தேறிவிட்டேன், நடுவாந்திரமாக. பாடம் தெரிகிறது, எழுதத்தான் கை ஓடவில்லை. இங்கே கேள்வி கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்லக் கூடாது, வாதாட வேண்டும். புரொபசர் என் தாளில் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். இருபத்துநாலு வயதில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை.

வாரத்தில் பாதி நாள் சாயம் போடுவதுதான் வேலை. கண்ணாடித் துண்டில் சளியைத் தடவி, சூடுகாட்டி, சிவப்புச் சாயம் ஊற்றி, கழுவி, நீலம் ஊற்றி, மறுபடி கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். என் விரலெல்லாம் சிவப்பு. கடையில் காசு கொடுக்கும்போது வாங்குகிறவள் என் கையைப் பார்க்கிறாள்.

அண்ணா, வெய்யில் வந்ததும் பாத்தியில் இறங்கிவிடுவாய். அப்போது உன் கூண்டு திறந்துவிடும். என்னுடையது திறக்க அக்டோபர் ஆகும்.

லீமா

---

சேசு மரி சூசை

மரக்காணம்
20 மார்ச் 1977

அன்புள்ள லீமாவுக்கு,

நீயும் ஓலுவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். ஓலுவுக்காக அத்தை தனியாக ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்கள்.

சந்தோஷமான விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். நீ அத்தையாகப் போகிறாய். இது நாலாவது மாதம். மோர் தவிர எதுவும் வயிற்றில் தங்கவில்லை. கேட்ட உன் அண்ணன் சாயங்காலம் அனுமந்தைக்குப் போய், எங்கள் அப்பாவிடம் நல்ல வஞ்சிர மீனாக வாங்கிவந்து கொடுத்தார். எனக்கு அந்த வாடையே ஆகவில்லை. அத்தை சாப்பிட்டார்கள்.

முதல் உப்பு வாரியாகிவிட்டது. நன்றாகப் பூத்திருக்கிறது. உன்னிடம் எழுதச் சொல்லி உன் அண்ணனே வந்து உட்கார்ந்திருக்கிறார், அதிசயமாக. அவர் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்:

"மத்தவனெல்லாம் பித்தவெடிப்புல உப்புத் தண்ணி பட்டு எரியுதுன்னு வேப்பெண்ணெய் தடவிக்கிட்டு கரையில குந்திக்கிறானுங்க. எனக்கு இந்த வருஷம் ஒண்ணுமே எரியல. எடது கால்ல கிளிஞ்சல் வெட்டி ரத்தம் ஓடுது, சடையப்பன் பாத்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும். உங்க அண்ணன் கால் இரும்பாயிட்டுதுன்னு வெள்ளைக்காரங்ககிட்ட சொல்லு."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறார். அந்த முழங்காலுக்குக் கீழே ஒரு தேமல் மாதிரி வெளுத்திருக்கிறது. அத்தை பூவரசங்காய்ப் பால் தடவுகிறார்கள். போகவில்லை. அங்கே ஏதாவது களிம்பு இருந்தால் பெயர் எழுது.

அண்ணி

---

மான்செஸ்டர்
2 ஏப்ரல் 1977

அன்புள்ள அண்ணிக்கும் எல்லாருக்கும்,

அத்தையாகப் போகிற லீமா எழுதுவது. மோரோடு பொரியும் சாப்பிட்டுப் பாருங்கள். நன்றாகத் தூங்குங்கள்.

இது அவசரக் கடிதம். எங்கள் வகுப்பில் தோலின் உணர்ச்சியைப் பற்றி ஒரு பாடம் நடக்கிறது. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டாரைச் சோதித்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டு மாதிரிதான். ஒரு கோழி இறகை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா, அண்ணன், நீங்கள் மூவரும் மாற்றி மாற்றிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒருவர் இறகின் நுனியால் மெல்லத் தொட வேண்டும். கை, முதுகு, கால், பாதம் எல்லா இடத்திலும். கண்ணைத் திறக்காமலே தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். யாருக்கு எங்கே தெரியவில்லை என்று குறித்து அனுப்புங்கள். தேமல் இருக்கும் இடத்திலும் தொட்டுப் பாருங்கள்.

பூவரசங்காய்ப் பால் வேண்டாம். களிம்பும் வேண்டாம். அண்ணன் பாத்தியிலிருந்து ஏறியதும் காலைக் கழுவி, அடியில் வெட்டோ கொப்புளமோ இருக்கிறதா என்று தினமும் யாராவது பார்க்க வேண்டும். அவனே பார்த்தால் போதாது.

உடனே பதில் எழுதுங்கள். பாடத்துக்குத் தேவை.

லீமா

---

மான்செஸ்டர்
15 மே 1977

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லாரும் சௌக்கியமா? ஏப்ரலில் போட்ட கடிதம் கிடைத்ததா? உடனே எழுதச் சொல்லியும் நீங்கள் இப்படிப் பதில் எழுதாமல் இருக்க மாட்டீர்கள். தபால்காரன் வாரத்துக்கு இரண்டு தரம் எனக்காகப் பெட்டியைத் திறந்து காட்டுகிறான்.

எழுத்துப் பரீட்சை முடிந்தது. தேறிவிடுவேன். ஆராய்ச்சிக்குத் தலைப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பால் கெடுவது, தண்ணீர்க் கிருமி என்று சுலபமான நாலைந்தைப் புரொபசர் சொன்னார். நான் வேறொன்று கேட்டேன். அந்தக் கிருமியை உலகத்தில் இதுவரை யாராலும் கண்ணாடித் தட்டில் வளர்க்க முடியவில்லை. சுண்டெலியின் பாதத்தில் கொஞ்சமாக, மெதுவாக வளர்கிறது. "மூன்று மாதத்தில் உனக்கு ஒன்றும் கிடைக்காது" என்றார். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். இங்கே வாதாட வேண்டும் என்று தெரிந்தும் சொல்லவில்லை.

ஓலு என்னை உட்காரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டே சாப்பிடுகிறேனாம்.

இறகு விளையாட்டு என்ன ஆயிற்று? ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

லீமா

---

மரக்காணம்
சூன் 12

அன்பான தங்கச்சி லீமாக்கு அண்ணன் கஸ்பார்

நானே எழுதறேன். தப்பு இருக்கும். படிச்சிக்க.

அம்மாக்கு நல்லாருக்கு. எனக்கு நல்லாருக்கு. மாடு கன்னு போட்டுது. உப்பு நல்லா வெளையுது.

அண்ணி இங்க இல்ல. அனுமந்தைக்கு அவங்க அம்மா ஊட்டுக்கு போயிருக்குது. மாசமா இருக்குது இல்ல அதான். ஏழாம் மாசம்தான் கூட்டினு போவாங்க. இது முன்னாடியே போயிட்டுது.

நீ சொன்ன எறகு வெளையாட்டு ஆடினோம். அம்மா எல்லாம் சரியா காட்டிட்டா. அந்தோணி சரியா காட்டிட்டுது. எனக்கு ஆடும்போது அது சிரிச்சிது. எங்க தொட்டேன் சொல்லு சொல்லுன்னுது. நான் நீ இன்னும் தொடவே இல்லன்னேன். அது சிரிச்சிது. அப்பறம் சிரிக்கல.

ரெண்டு நாள் கழிச்சி போயிட்டுது. நான் போயி கூப்பிடல.

உனக்கு பரிச்சை எப்படி. நல்லா சாப்பிடு. உக்காந்து சாப்பிடு.

கஸ்பார்

---

மான்செஸ்டர்
22 ஜூன் 1977

அண்ணா,

இதை வீட்டுக்கு அனுப்பவில்லை. உப்பு ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். உன் கைக்குத்தான் வரும். பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். அவசரப்படாதே. எழுத்துக் கூட்டிப் படி. நீ எழுதின கடிதத்தை நான் பத்துத் தரம் படித்தேன். உனக்கு நன்றாக எழுத வருகிறது.

உன் காலில் இருப்பது தேமல் இல்லை. உப்பு எரியாதது கால் இரும்பானதால் இல்லை. அது ஒரு நோய். நம் ஊரில் பெருவியாதி என்பார்கள்.

இங்கே நிறுத்திவிடாதே. மேலே படி.

இதற்கு மாத்திரை இருக்கிறது. தினமும் சாப்பிட வேண்டும். வருஷக் கணக்கில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் நோய் போய்விடும். விரல் விழுவது கிருமியால் இல்லை. வலி தெரியாததால் புண்ணாகி, புண்ணைக் கவனிக்காததால் வருவது. நீ சீக்கிரம் போனால் உன் காலைக் காப்பாற்றலாம். திண்டிவனத்தில் வாரம் ஒரு நாள் இதற்கென்றே டாக்டர் வருகிறார். சிஸ்டருக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். புதன்கிழமை. பணம் வேண்டாம்.

இது நீ செய்த பாவம் இல்லை. யார் சாபமும் இல்லை.

இதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். அண்ணி சத்தமாகப் படிப்பார்கள், சடையப்பன் மாமா கேட்பார், வயிற்றில் பிள்ளையோடு அண்ணி பயந்துவிடுவார்கள் என்று இறகைத் தேடிப் பிடித்தேன். அண்ணி புரிந்துகொண்டுவிட்டார்கள். இனி மறைக்க எதுவும் இல்லை.

நான் வருகிறேன். புரொபசரிடம் சொல்லிவிட்டேன். "இப்போது போனால் பட்டம் இல்லை, இடத்தை வைத்திருக்கவும் முடியாது" என்றார். சரி என்றேன். டிக்கெட்டுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகஸ்டுக்குள் வந்துவிடுவேன். நீ எனக்காகக் காத்திருக்காதே. வருகிற புதன்கிழமையே போ.

லீமா

---

சேசு மரி சூசை

மரக்காணம்
28 ஆகஸ்டு 1977

அன்புள்ள லீமாவுக்கு அண்ணி எழுதுவது.

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? ஜூலையில் நாங்கள் கொடுத்த "வராதே, சுகம், கடிதம் வரும்" என்ற தந்தியைப் பார்த்து நீ நின்றுவிட்டாய் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார்கள். அதற்கப்புறம் கடிதம் வரவில்லை என்று எத்தனை தரம் பெட்டியைப் பார்த்திருப்பாயோ. மூன்று தரம் ஆரம்பித்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "எல்லாரும் சவுக்கியம்னு எழுதும்மா" என்பார்கள். மடித்து வைத்துவிடுவேன். இன்று அத்தை கோயிலுக்குப் போயிருக்கிறார்கள்.

இறகு உன் அண்ணன் பாதத்தில் முழுக்க ஊர்ந்தது லீமா. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆரம்பி" என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அனுமந்தையில் ஒருவரை ஊருக்கு வெளியே படகுக் கொட்டகையில் விட்டிருந்தார்கள். நாங்கள் தூரத்திலிருந்து கல் எறிவோம். அவருக்கும் முதலில் இப்படித்தான் ஆரம்பித்தது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பாடம் என்று எழுதியிருந்தாய். பாடத்துக்கு எதற்கு "தேமல் இருக்கும் இடத்திலும்"?

நான் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டேன். திரும்பி வரும் எண்ணம் எனக்கு இல்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். "சரி, இங்கயே இரு. பொறக்கறத நாங்க வளத்துக்கறோம்" என்றார்.

ஜூலை ஆரம்பத்தில் ஒரு மத்தியானம் உன் அண்ணன் வந்தார். மரக்காணத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். பஸ்ஸில் ஏற மனசு வரவில்லையாம். வேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். எங்கள் அம்மா உள்ளே வரச் சொல்லவில்லை. நான் வேலிவரைக்கும் போனேன்.

"எப்படி இருக்கற?" என்றார்.

"இருக்கறேன்."

சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"லீமா பெரிசு பெரிசாத்தான் எழுதிருக்குது. நானும் கூட்டிக் கூட்டிப் படிச்சிட்டேன். ஒரே ஒரு வார்த்தை மட்டும் சரியாப் படிச்சனான்னு தெரியல. தப்பாப் படிச்சிருந்தா நல்லாருக்கும். வேற யாருகிட்டயும் குடுக்க முடியாது. நீ படிச்சிச் சொல்லிடு, நான் போயிடறேன்."

காகிதத்தின் ஓரத்தை மட்டும் பிடித்து வேலிக்கு மேலே நீட்டினார். என் விரல் அவர் விரலில் பட்டுவிடக் கூடாது என்று.

நீ எழுதிய கடிதம் எல்லாவற்றையும் நான்தான் அவருக்குப் படித்திருக்கிறேன். பனியைப் படித்தேன், ஓலுவைப் படித்தேன். அன்றைக்கும் முதல் வரியிலிருந்து படித்தேன். அந்த வார்த்தையை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். விடவில்லை. படித்ததும் அவர் தலையை ஆட்டினார்.

"சரியாத்தான் படிச்சிருக்கறேன்" என்றார்.

மிச்சத்தையும் படித்தேன். மாத்திரை, புதன்கிழமை, பாவம் இல்லை, எல்லாம். அவர் காதில் ஏறியதா என்று தெரியவில்லை. "ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லித் திரும்பி நடந்தார். நொண்டவில்லை. நிமிர்ந்துதான் நடந்தார். இடது குதிகாலிலிருந்து ரத்தம் ஒவ்வோர் அடிக்கும் மணலில் பதிந்துகொண்டே போனது. அவருக்கு அது தெரியவே இல்லை லீமா. யார் சொல்லுவார்கள் அவருக்கு?

"நில்லுங்க" என்றேன். என் முந்தானையைக் கிழித்துக்கொண்டு ஓடினேன். ஏழு மாத வயிற்றோடு ஓடினேன். அப்பா பின்னாலேயே வந்து, "இப்ப போனீன்னா இந்த வாசப்படி மிதிக்காத" என்றார். இன்றுவரை மிதிக்கவில்லை.

புதன்கிழமை திண்டிவனம் போனோம். டாக்டர் காது மடலிலும் தேமலிலும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தார். கிருமி எதுவும் தெரியவில்லையாம். கால் நரம்பு மட்டும் கெட்டிருக்கிறது, போன உணர்ச்சி திரும்பாது என்றார். மாத்திரை கொடுத்தார். உப்புத் தண்ணீரில் நிற்கக் கூடாது என்றார். "வேற எங்க நிக்கறது சார்?" என்று கேட்டார் உன் அண்ணன். இப்போது கரைமேல் நின்று லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலையைப் பார்க்கிறார். டயர்ச் செருப்பு. பாத்தியில் இன்னொருவன் நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. கலியபெருமாள் கடையில் டீ கொடுக்கிறார்கள், கிளாஸைத் தனியாக வைக்கிறார்கள். சடையப்பன் மாமா மட்டும் முன்போலவே வந்து உட்காருகிறார். அவர் பெண்டாட்டி வருவதில்லை.

ஆகஸ்டு பதினான்காம் தேதி இங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. உன் மூக்கு. உன் அண்ணன் பிள்ளையைத் தொடவில்லை. நான் இருக்கும் அறைக்குள்கூட வருவதில்லை. வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார். டாக்டர் சொன்னார், நான் சொல்கிறேன், அவர் நம்பவில்லை. நீ சொன்னால் நம்புவார்.

நீ வராதே. வந்து அவர் காலைப் பிடித்து அழுவதற்கு அத்தையே போதும். படிப்பை முடித்துவிட்டு வா.

அண்ணி

---

மான்செஸ்டர்
9 செப்டம்பர் 1977

அன்புள்ள அண்ணி, அண்ணா, அம்மா, குட்டி நால்வருக்கும்,

எல்லாரும் நலமாக இருக்கிறீர்கள் என்று இந்த முறை நம்பியே எழுதுகிறேன்.

அண்ணி, இதை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படியுங்கள். சடையப்பன் மாமா இருந்தால் இன்னும் நல்லது.

அண்ணா, நான் எந்தக் கிருமியோடு மூன்று மாதமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று இப்போது உனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே தெரிந்ததையெல்லாம் படித்துவிட்டேன். தெரியாததுதான் அதிகம். ஆனால் இது தெரியும்: இந்த நோயில் இரண்டு விதம். ஒன்றில் உடம்பு முழுக்கக் கிருமி இருக்கும். இன்னொன்றில் உடம்பே கிருமியோடு சண்டை போட்டு அதை ஒழிக்கப் பார்க்கும், அந்தச் சண்டையில் நரம்பு கெட்டுப்போகும். உனக்கு இருப்பது இரண்டாவது. சுரண்டிப் பார்த்தும் கிருமி தென்படவில்லை. போதாததற்கு மாத்திரையும் சாப்பிடுகிறாய். உன்னிடமிருந்து பிள்ளைக்கு ஒட்ட எதுவும் இல்லை. பிள்ளையைத் தூக்கு. இதை நான் தங்கையாகச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள். தங்கையாகவும் சொல்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். பிப்ரவரியில் வகுப்பில் இதே கிருமி உள்ள ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டினார்கள். சிவப்புக் குச்சிகள் கட்டுக்கட்டாக. ஓரத்தில் பழைய மையில் "தென்னிந்தியா, ஆண்" என்று மட்டும் எழுதியிருந்தது. "உனக்கு இது பழக்கமாகத்தான் இருக்கும்" என்றார் புரொபசர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கப்பட்டேன். எங்கள் ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் உங்கள் கடிதம் வந்தது.

போன வாரம் அவரிடம் போய், அந்த ஆண் யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். யாருக்கும் தெரியவில்லை. என் ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். நோயாளி என்று இல்லை. கஸ்பார், மரக்காணம், என்னைப் படிக்கவைத்தவர் என்று.

புரொபசர் சொன்னது சரி, முடிவு ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. கிடைக்காததை ஒழுங்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பாஸாகிவிடும் என்கிறார். இன்னும் மூன்று வருஷம் இங்கேயே தொடரச் சொல்கிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நவம்பரில் வருகிறேன். மறுபடி கிளம்புவேனா என்பதை அங்கே வந்து பார்க்கலாம்.

குட்டிக்கு என்ன பெயர்?

லீமா

---

மரக்காணம்
அக்டோபர் 2

அன்பான தங்கச்சி லீமாக்கு அண்ணன் கஸ்பார்

நாங்க எல்லாம் நல்லாருக்கோம். உனக்கு சளி புடிக்காம இருக்கணும்.

உன் லெட்டர அந்தோணி சத்தமா படிச்சிது. சடையப்பன் இருந்தான். அவன் ஊட்டுக்காரியும் வேலியாண்ட நின்னு கேட்டுது. அம்மா அழுதா. நான் அன்னிக்கி தூக்கல. மறுநாளும் தூக்கல. லெட்டர வாங்கி நானே ஒரு வாட்டி கூட்டிப் படிச்சேன். பெருசா எழுதாம சின்னதா எழுதிட்ட. ரெண்டு நாள் ஆச்சி.

நேத்து அந்தோணி கெணத்தாண்ட போச்சி. பாப்பா அழுதுது. அம்மா கோயில்ல. நான் வாசல்ல நின்னேன். அது நிறுத்தல. கையில துண்ட சுத்திக்கினு உள்ள போனேன். அதுக்குள்ள அந்தோணி வந்துட்டுது. துண்ட புடுங்கி போட்டுது. குந்துங்கன்னுது. குந்தினேன். மடியில வெச்சிட்டு மறுபடி கெணத்துக்கு போயிட்டுது. தண்ணி கொண்டார போனவ கொடத்த உட்டுட்டு போறா.

எப்படி புடிக்கறதுன்னு தெரியல. தலை ஆடுது. அப்பறம் தெரிஞ்சிது.

பேரு பிலோமினா. அம்மா வெச்ச பேரு. ஞானஸ்நானம் நீ வந்துதான்.

உப்பு முடிஞ்சிது. மழ வருது. இந்த தடவ கூரைய பிரிக்கல.

காத்தாலேருந்து மடியிலதான் இருக்கா. அம்மா ரெண்டு வாட்டி வாங்கிக்க வந்தா. நான் குடுக்கல. ஒரு கையில எழுதறேன். அதான் எழுத்து கோணலா போவுது.

கஸ்பார்